சுழல் விளக்கு வேண்டாம், சந்துக்குள் வழி வேண்டும்!

நம் சங்கத்துக் காருக்குள், முன் கண்ணாடிக்குப் பின்புறம், சிவப்பும் நீலமுமாக மின்னுகிற அவசர எச்சரிக்கை விளக்கு ஒன்றைப் பொருத்த வேண்டும் என்று கிளைகளிலிருந்து செயற்குழுவுக்குக் கோரிக்கை வந்திருக்கிறது. கையெழுத்துப் போட்டவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள். பகல் முழுதும் பட்டறையிலும் தையல் மெஷினிலும் உழைத்துவிட்டு, இரவில் கூலி வாங்காமல் அந்த வண்டியை ஓட்டுகிறவர்கள். ஆகவே, "நிராகரிக்கப்பட்டது" என்று ஒரே வரியில் எழுதி இதை மூடிவிட நாம் விரும்பவில்லை. கோரிக்கையை ஏற்க முடியாது என்பதே நம் கருத்து. ஏன் முடியாது, அதற்குப் பதிலாக நாம் செய்ய வேண்டியது என்ன என்பதை எல்லாக் குடும்பங்களும் அறியும்படி இங்கே எழுதுகிறோம்.

முதலில் அந்தக் காரைப் பற்றி. பழைய மாருதி ஆல்ட்டோ. மாதச் சந்தாவிலும் பொங்கல் வசூலிலும் மிச்சம் பிடித்து வாங்கியது. உறுப்பினர் ஒருவர் பெயரில் பதிவாகியிருக்கிறது. வெள்ளை நம்பர் பிளேட்டுள்ள சொந்த உபயோக வண்டி என்பதால் யாரிடமும் வாடகை வாங்குவதில்லை. பெட்ரோல் செலவு சங்கக் கணக்கில் எழுதப்படுகிறது. தாராவி தொண்ணூறடி ரோட்டிலிருந்தும், மாட்டுங்கா லேபர் கேம்பிலிருந்தும், அதைச் சுற்றிய சந்துகளிலிருந்தும் பிரசவ வலி கண்ட பெண்களையும் காய்ச்சல் கண்ட குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு அது போகாத இரவு குறைவு. அது ஆம்புலன்ஸ் அல்ல. ஆனால் ஆம்புலன்ஸ் வராத நேரத்தில் நமக்கு அதுதான் கதி.

கோரிக்கை எங்கிருந்து பிறந்தது என்பதும் நமக்குத் தெரியும். சென்ற மழைக்காலத்தில் நெஞ்சுவலி கண்ட பெரியவர் ஒருவரை நம் பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கோலியிலிருந்து ஆஸ்பத்திரி வாசல் வரை நாற்பது நிமிடம் ஆயிற்று. வாசலிலேயே உயிர் போய்விட்டது. ரோட்டில் முன்னால் நின்ற வண்டிகள் வழிவிடவில்லை, ஒரு விளக்கு மட்டும் மின்னியிருந்தால் வழிவிட்டிருப்பார்கள் என்று வண்டி ஓட்டிய தம்பி இன்றைக்கும் சொல்லிச் சொல்லிக் கலங்குகிறார். அந்தக் கலக்கத்துக்கு நாம் தலைவணங்குகிறோம். ஆனால் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு கணக்குப் பார்க்க வேண்டிய கடமையும் சங்கத்துக்கு உண்டு.

அன்றைக்கு உடன்போன நால்வரையும் உட்காரவைத்து, நிமிடம் நிமிடமாக விசாரித்தோம். பெரியவர் இருந்தது மேல் கோலி. செங்குத்தான இரும்பு ஏணி வழியே அவரைத் தோளில் சுமந்து இறக்க வேண்டியிருந்தது. கீழே சந்தில் இருபுறமும் ஸ்கூட்டர்கள், தண்ணீர் டிரம்கள், ஒரு கைவண்டி. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கி, ஒவ்வொரு ஸ்கூட்டராக நகர்த்தி, கார் நின்ற ரோட்டுக்கு வந்து சேரும்போதே நாற்பது நிமிடத்தில் பாதிக்குமேல் கரைந்துவிட்டது. ரோட்டில் போனது மீதிதான். ஆக, அந்த உயிரின் பெரும்பாலான நேரத்தைத் தின்றது எது? ரோடு அல்ல, சந்து! காருக்குள் ஆயிரம் விளக்கு மின்னினாலும் அந்த ஏணி படியாகிவிடாது, அந்தக் கைவண்டி நகர்ந்துவிடாது.

இனி சட்டத்துக்கு வருவோம். "சுழல் விளக்கு கூரைமேல் வைத்தால்தான் தப்பு, காருக்குள் வைத்தால் தப்பில்லை" என்று கடைக்காரர் சொன்னதாகச் சில தோழர்கள் வாதிடுகிறார்கள். கேப்பையில் நெய் வடிகிறது என்றால் கேட்பவனுக்கு மதி வேண்டாமா? 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 108-ஆவது விதி, எந்த மோட்டார் வாகனமும் முன்புறத்தில் சிவப்பு விளக்கைக் காட்டக் கூடாது என்று தொடங்குகிறது. வண்டியின் உள்விளக்குக்கு அதில் விலக்கு உண்டு என்பது உண்மை. ஆனால் உள்விளக்கு என்பது உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு வெளிச்சம் தரும் விளக்கு. உள்ளே இருந்துகொண்டு வெளியே இருப்பவன் கண்ணில் அடிக்கிற விளக்கை எந்த ஹவல்தாரும் உள்விளக்கு என்று ஒப்புக்கொள்ளமாட்டான். எங்கே பொருத்தியிருக்கிறாய் என்பதல்ல கேள்வி. எங்கே காட்டுகிறாய் என்பதே கேள்வி.

2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவையும் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அனுமதியில்லாமல் வண்டியில் உதிரிப் பொருளைப் பொருத்தி மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். கவனியுங்கள், உரிமையாளருக்கு! சங்கம் முழுவதும் சேர்ந்து தீர்மானம் போடலாம்; ஆனால் கோர்ட்டுப் படி ஏறப்போவது தன் பெயரைக் கொடுத்து உதவிய அந்த ஒரே உறுப்பினர். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பதுபோல, நல்ல மனதோடு முன்வந்தவன் தலையில் பழியைப் போடுவது எந்தத் தோழமையில் சேர்த்தி?

அந்த விளக்குக்கு இந்த நாட்டில் ஒரு வரலாறு உண்டு. பல ஆண்டுகள் அது நோயாளிக்காக மின்னவில்லை, அதிகாரத்துக்காகவே மின்னியது. மந்திரி, மந்திரியின் செயலாளர், வாரியத் தலைவர், அவர்களுடைய மைத்துனர் என்று ஆளாளுக்கு வைத்துக்கொண்டார்கள். "லால் பத்தி" என்று சொன்னாலே மும்பையில் பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறவன் பல்லைக் கடித்தான். 2013 டிசம்பர் 10-ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் சிங்வியும் நாகப்பனும், உத்தரப் பிரதேச வழக்கு ஒன்றில் அந்த ஆடம்பரத்துக்குக் கடிவாளம் போட்டார்கள். அரசமைப்புப் பதவி வகிக்கும் உயர்ந்த பிரமுகர்கள் தவிர மற்றவர்கள் சிவப்பு விளக்கு வைக்கக் கூடாது, தனியார் வண்டிகளில் பல சுருதியில் அலறும் ஹாரன் கூடாது என்றார்கள். பின்னர் 2017 ஏப்ரல் 19-இல் மத்திய மந்திரிசபை இன்னும் ஒரு படி மேலே போயிற்று. அந்த ஆண்டு மே 1 முதல் குடியரசுத் தலைவருக்கும் கிடையாது, பிரதமருக்கும் கிடையாது என்று விதியே மாற்றப்பட்டது. தொழிலாளர் தினத்தன்று அந்த விளக்கு பிரமுகர்களின் கூரையிலிருந்து இறங்கியது. இறக்கியவர்களின் நோக்கம் எதுவாகவும் இருக்கட்டும், இறங்கியது நியாயம் என்று நாம் வரவேற்கிறோம்.

ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி, சட்டம் ஒழுங்குப் பணியில் இருக்கும் போலீஸ் வண்டி, வெள்ளம் புயல் பூகம்பம் போன்ற பேரிடர்ப் பணி வண்டி ஆகியவற்றுக்கு மட்டுமே இன்று மின்னும் விளக்கு உரியது. சிவப்பு, நீலம், வெள்ளை கலந்த விளக்கை வைத்துக்கொள்ள எந்தெந்த அமைப்புகளுக்கு அனுமதி என்பதை மாநிலப் போக்குவரத்துத் துறை ஆண்டுதோறும் பொது அறிவிப்பாக வெளியிட வேண்டும் என்பதும் விதி. அந்தப் பட்டியலில் எந்தச் சங்கத்தின் ஆல்ட்டோவும் இல்லை.

அப்படியும் அந்த ஆசை நாட்டைவிட்டுப் போய்விடவில்லை. 2024-இல் புனேயில் பயிற்சியில் இருந்த ஓர் ஐ.ஏ.எஸ். அதிகாரி தம் சொந்தக் காரில் சுழல் விளக்கையும் அரசுப் பெயரையும் வைத்துக்கொண்ட செய்தி நாடெங்கும் நாறியது. மெத்தப் படித்தவர்களே விழுகிற குழி அது. புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதையாக நாமும் அதில் போய் விழ வேண்டுமா?

இங்கே ஒன்றை ஒளிவுமறைவின்றிச் சொல்கிறோம். கோரிக்கையில் கையெழுத்திட்ட இளைஞர்களின் மனம் சுத்தமானது. ஆனால் அவர்களுக்குப் பின்னால் நின்று தலையாட்டுகிற சில பெரிய மனிதர்களின் கணக்கு வேறு. இன்றைக்கு நோயாளிக்கு என்று பொருத்துகிற விளக்கு, நாளைக்குத் தலைவரை விழாவுக்கு அழைத்துவரும்போதும் மின்னும். நாளை மறுநாள் தலைவரின் மகனுடைய கல்யாண ஊர்வலத்தில் மின்னும். கார்க் கண்ணாடியில் "அத்யக்ஷ்" என்று சிவப்பு எழுத்தில் ஒட்டிக்கொண்டு திரிகிறவர்களை நாம் பார்க்கவில்லையா? "போலீஸ்" என்றும் "பிரஸ்" என்றும் ஒட்டிக்கொள்கிறவர்களைப் பார்க்கவில்லையா? பிரமுகர் பந்தாவை எதிர்த்துத் துண்டறிக்கை கொடுத்த சங்கம், தன் வண்டியிலேயே அந்தப் பந்தாவுக்கு இடம் கொடுத்தால், அடுத்த துண்டறிக்கையை எந்தக் கையால் கொடுப்பது?

ரயில்வேயில் வேலை செய்கிற தோழர்கள் நம்மில் பலர். விளக்கின் மரியாதை அவர்களுக்குத் தெரியும். கடைசிப் பெட்டியின் பின்னால் மின்னும் சிவப்பு விளக்கைப் பார்த்துத்தான், வண்டி முழுசாக வந்துவிட்டது, நடுவில் எந்தப் பெட்டியும் கழன்று நிற்கவில்லை என்று ஸ்டேஷன் மாஸ்டர் உறுதி செய்கிறார். எஞ்சின் முகப்பில் மஞ்சள் நிறத்தில் ஒரு ஃபிளாஷர் விளக்கு உண்டு. வண்டிக்கு ஆபத்து நேர்ந்தால் டிரைவர் அதைப் போடுவார். பக்கத்துத் தண்டவாளத்தில் எதிரே வருகிற டிரைவர் அதைக் கண்டதும் வண்டியை நிறுத்தியாக வேண்டும். நிறுத்துகிறார்! ஏன்? காரணமில்லாமல் யாரும் அதைப் போடுவதில்லை என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கை பொய்த்தால் இரண்டு வண்டிகளின் ஜனங்களும் சாவார்கள். விளக்கின் பலம் பல்பில் இல்லை, தோழர்களே! அது பொய் சொல்லாது என்று எதிரே வருகிறவன் நம்புவதில் இருக்கிறது.

ரோட்டிலும் அதே நியாயம்தான். உண்மையான அவசர வண்டிக்கு வழிவிடாதவருக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம் என்று 2019-இன் திருத்தச் சட்டம் 194இ பிரிவில் கூறுகிறது. அப்படியும் பலர் வழிவிடுவதில்லை. ஏன் விடவில்லை என்று டாக்சித் தோழர்களைக் கேட்டுப் பாருங்கள். "எவன் நிஜம், எவன் போலி என்று யாருக்குத் தெரியும்?" என்பார்கள். புலி வருது புலி வருது என்று கூவிக்கூவி, கடைசியில் நிஜப் புலி வந்தபோது ஒருவரும் வராத கதை. ஒவ்வொரு போலி விளக்கும் பின்னால் வருகிற நிஜ ஆம்புலன்ஸின் வழியைக் களவாடுகிறது. அந்த ஆம்புலன்ஸில் கிடப்பதும் நம்மைப் போன்ற ஓர் ஏழையின் பிள்ளையாகத்தான் இருக்கும். வசதியுள்ளவன் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே குடியிருக்கிறான்.

கருவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் சங்கத்து மெக்கானிக் தோழர்கள் சொல்வது இது. கடையில் மலிவாகக் கிடைக்கும் இந்த விளக்குகளைப் பலர் ஃபியூஸ் இல்லாமல், ஓடுகிற வயரைச் சீவி, அதிலே முறுக்கிச் சேர்த்துவிடுகிறார்கள். வயர் சூடேறி உருகினால் வண்டியே பற்றிக்கொள்ளும். இரவில் அந்தச் சிவப்பும் நீலமும் முன் கண்ணாடியில் பட்டுத் திரும்பி ஓட்டுகிறவர் கண்ணையே கூசவைக்கும். குறுக்கே வரும் குழந்தை தெரியாது. டேஷ்போர்டின்மேல் ஒட்டிவைத்த பொருள், மோதல் நேர்ந்தால் கல்லைப்போல் முகத்தில் வந்து அடிக்கும். ஏர்பேக் உள்ள வண்டியானால் அது விரிகிற வழியில் அதுவே தடை. நோயாளியைக் காப்பாற்றப் புறப்பட்டு, ஓட்டுகிறவரையும் சேர்த்து ஆஸ்பத்திரியில் சேர்ப்பதா?

இன்னொரு பழக்கத்தையும் கைவிட வேண்டும். டேஷ்போர்டில் சிவப்பு முக்கோணம் போட்ட பொத்தானை அழுத்தினால் நான்கு மூலையிலும் இண்டிகேட்டர் சேர்ந்து மின்னுமே, அதைப் போட்டுக்கொண்டு வேகமாக ஓட்டுகிறார்கள். அது பழுதாகி நிற்கிற வண்டிக்கு உரியது. ஓடும்போது அதைப் போட்டால் நீங்கள் இடதுபுறம் திரும்புகிறீர்களா வலதுபுறம் திரும்புகிறீர்களா என்று பின்னால் வருகிறவனுக்குத் தெரியாது. வண்டி நின்றுபோனால் அதைப் போடுங்கள். பின்னால் தள்ளி எதிரொளி முக்கோணத்தையும் வையுங்கள். ஓடும்போது வேண்டாம்.

மேலும், நாம் யார் என்பதை மறந்துவிடக் கூடாது. இரண்டு மூன்று தலைமுறையாக இங்கே உழைத்தும் இன்னும் சிலருக்கு நாம் "மதராசி"தான். அறுபதுகளின் கடைசியில் தென்னாட்டார் கடைகள் தாக்கப்பட்ட நாட்களை நம் பெரியவர்கள் மறந்துவிடவில்லை. அதன் பிறகு, சாலில் பக்கத்துக் கோலியில் இருக்கும் மராட்டியத் தொழிலாளியோடும், உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்த தொழிலாளியோடும் தோளோடு தோள் நின்று சேர்த்த நல்ல பெயர்தான் நம் சொத்து. அவர்கள் வீட்டு நோயாளிகளும் நம் வண்டியில் போகிறார்கள். போலி விளக்கோடு நம் வண்டி பிடிபட்டால் ஏளனத்துக்கு ஆளாவது ஒரு காரல்ல, ஒரு சமூகம். வண்டி பறிமுதலாகிவிட்டால் மறுநாள் இரவு வலி எடுக்கிற பெண்ணை எதில் ஏற்றுவது?

சரி, விளக்கு வேண்டாம் என்றால் வேறு என்ன வேண்டும்? இதைச் சொல்லாமல் விட்டால் நம் வேலை பாதி வேலைதான்.

நாமே செய்யக்கூடியவை முதலில். நோயாளி இருக்கிறார் என்றதும் 108-க்குப் போன் செய்வது முதல் வேலை. நம் காரை எடுப்பது இரண்டாவது வேலை. மகாராஷ்டிரத்தில் 2014 முதல் இந்த இலவச ஆம்புலன்ஸ் நடக்கிறது. சந்து எண்ணை மட்டும் சொன்னால் டிரைவருக்குப் புரியாது. ரோட்டில் எந்தக் கோயில், எந்த மசூதி, எந்தப் பள்ளிக்கூடத்துக்கு எதிரே என்று அடையாளத்தோடு சொல்ல வேண்டும். ஒருவர் டார்ச்சுடன் சந்து முனையில் நிற்க வேண்டும். ஒவ்வொரு சந்திலும் ஆறு பேர் கொண்ட இரவுக் குழு, மேல் கோலியிலிருந்து இறக்குவதற்குப் பட்டையுள்ள துணி ஸ்டிரெச்சர் ஒன்று, அதைப் பிடிக்கும் முறையில் பயிற்சி. இரவு பத்து மணிக்குமேல் ஸ்கூட்டர்களும் கைவண்டிகளும் ஒரே புறமாக நிற்க வேண்டும் என்று சந்துக்காரர்கள் எல்லோரும், எந்த மொழிக்காரரானாலும், கூடிப் பேசி முடிவு செய்ய வேண்டும். இதற்கெல்லாம் யாரிடமும் மனுக் கொடுக்க வேண்டியதில்லை.

அடுத்து, பயம் விடுங்கள். ரோட்டில் அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு போனால் போலீஸ் பிடித்துவைக்கும் என்று இன்னும் பலர் ஒதுங்குகிறார்கள். அப்படி உதவி செய்கிறவரைத் தொல்லைப்படுத்தாமல் காப்பதற்கான நெறிமுறைகளை 2016 மார்ச் 30-இல் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. 2019-இன் திருத்தம் 134ஏ பிரிவாக அதைச் சட்டத்திலேயே சேர்த்தது. நல்லெண்ணத்தோடு உதவியவர்மேல் சிவில் வழக்கோ கிரிமினல் வழக்கோ வராது. சாட்சி சொல்ல அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. பயப்படாமல் தூக்குங்கள்.

மூன்றாவது, அரசிடமும் மாநகராட்சியிடமும் கேட்க வேண்டியவை. சந்துகளில் நுழைய முடியாத இடங்களுக்காக 2017 ஆகஸ்டில் மும்பையில் பைக் ஆம்புலன்ஸ் தொடங்கப்பட்டது. டாக்டரே ஓட்டிவந்து முதலுதவி செய்யும் ஏற்பாடு. நம் பகுதிக்கு எத்தனை, இரவில் எத்தனை, எங்கே நிற்கிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப்போட்டுக் கேட்போம். சயான் ஸ்டேஷன் அருகே நூறாண்டுக்கும் மேற்பட்ட மேம்பாலம், புதிய ரயில் பாதைகளுக்காக இடித்துக் கட்டவேண்டி, 2024 ஆகஸ்டில் வாகனங்களுக்கு மூடப்பட்டது. தண்டவாளத்துக்கு இந்தப் புறம் நாம், அந்தப் புறம் பெரிய ஆஸ்பத்திரி. பாலம் வேண்டியதுதான், பாதையும் வேண்டியதுதான். ஆனால் இப்படி ஒரு பாலத்தை மூடுவதற்கு முன்பே மாற்று வழியில் ஆம்புலன்ஸ் நிறுத்தம் ஒன்றை அமைத்துவிட வேண்டும் என்பதை இனி வரும் எல்லா வேலைகளுக்கும் நிபந்தனையாகக் கேட்போம். தாராவி மறுமேம்பாட்டுத் திட்டத்தின் வரைபடங்களில் எத்தனை சதுர அடி வீடு என்று மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஸ்டிரெச்சர் நுழையும் லிஃப்ட் இருக்கிறதா, தீயணைப்பு வண்டி திரும்ப இடம் இருக்கிறதா என்றும் பார்ப்போம். நூறு தனிக் கார்களுக்கு விளக்கு மாட்டுவதைவிட ஒரு சந்து அகலமாவது நூறு மடங்கு மேல்.

கிளைச் செயலாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். இம்மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமைக்குள் உங்கள் பகுதியின் ஒவ்வொரு சந்தையும் நடந்து பாருங்கள். அகலம் எவ்வளவு, எந்த இடத்தில் ஸ்டிரெச்சர் திரும்பாது, படுக்கையில் இருக்கும் முதியவர்கள் எந்தெந்தக் கோலியில், நிறைமாதப் பெண்கள் எங்கே என்று எழுதிக் கொண்டுவாருங்கள். துணி ஸ்டிரெச்சருக்கான பணத்தைச் சங்க நிதியிலிருந்து தரச் செயற்குழு ஒப்புக்கொண்டுவிட்டது. ஏற்கெனவே தங்கள் சொந்த வண்டிகளில் மின்னும் விளக்கு பொருத்தியிருக்கும் உறுப்பினர்கள் அதே நாளுக்குள் அதைக் கழற்றிவிட வேண்டும். நிர்வாகிகள் முதலில் கழற்றட்டும், மற்றவர்கள் பின்தொடர்வார்கள்.